கம்பியும் திருகாணியும்: மூக்குக்கண்ணாடிச் சட்டத்தின் கதை



நம் வீடுகளில் யாராவது ஒருவர் மூக்குக்கண்ணாடி அணிந்திருப்பார். அரிசியில் கல் பொறுக்கும் பாட்டியாக இருக்கலாம். நாளிதழ் படிக்கும் தாத்தாவாக இருக்கலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாகவும் இருக்கலாம். அந்தக் கண்ணாடியைச் சற்று வாங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். திருகாணி விழுந்த இடத்தில் நூல் கட்டியிருக்கும். மூக்கில் அமரும் இடத்தில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். "போட்டால் தலை வலிக்கிறது, கண்ணாடியே வேண்டாம்" என்று அதை அலமாரியில் போட்டு வைத்தவர்களும் நம்மிடையே உண்டு.

கண்ணின் குறை என்று நாம் எண்ணுவது சில வேளைகளில் சட்டத்தின் குறையாக இருப்பதுண்டு. கண்ணாடி வில்லை நன்றாகவே இருக்கும். அதைக் கண்ணுக்கு நேராக நிறுத்த வேண்டிய கம்பிதான் வளைந்து போயிருக்கும். ஆகவே, அந்தக் கம்பிச் சட்டம் எப்படித் தோன்றியது, யார் கைகளால் வளர்ந்தது என்பதை இன்று பார்ப்போம். எந்த உறுப்பு எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டால், எதை நாமே சரி செய்யலாம், எதைத் தொடக் கூடாது என்பதும் விளங்கிவிடும்.

மூக்குக்கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலி நாட்டில் தோன்றியது. ஃபுளோரன்ஸ் நகரில் 1306ஆம் ஆண்டில் சமயச் சொற்பொழிவு ஆற்றிய ஜோர்டானோ என்னும் துறவி, கண்ணாடி செய்யும் கலை கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் 20 ஆண்டுகள்கூட நிறையவில்லை என்று குறிப்பிட்டார். 1352ஆம் ஆண்டில் திரெவிசோ நகரில் தொமாசோ என்னும் ஓவியர் ஒரு மடத்தின் சுவரில் தீட்டிய ஓவியத்தில், சமயத் தலைவர் ஒருவர் கண்ணாடி அணிந்திருப்பதைக் காணலாம்.

அந்தக் கண்ணாடிக்குக் காதில் மாட்டும் கம்பி கிடையாது. இரண்டு வட்ட வளையங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு காம்பு. இரண்டு காம்புகளையும் சேர்த்து அடித்த ஓர் ஆணி. அவ்வளவுதான். மூக்கைக் கவ்வும்படி அதை வைத்துக்கொள்வார்கள்; அல்லது கையில் பிடித்துக்கொள்வார்கள். குனிந்தால் நழுவும். இரண்டு கைகளாலும் வேலை செய்யும் மனிதனுக்கு அது எப்படி உதவும்? உட்கார்ந்து ஏடு படிப்பவருக்கே அது ஏற்றது.

பிற்காலத்தில் ஸ்பெயின் நாட்டிலும் சீனாவிலும் கயிற்றையோ நாடாவையோ கண்ணாடியில் கட்டிக் காதில் மாட்டிக்கொண்டார்கள். விறைப்பான பக்கக் கம்பிகளோ, 1730ஆம் ஆண்டு வாக்கில்தான் லண்டனில் எட்வர்ட் ஸ்கார்லெட் என்ற கண்ணாடி வணிகரின் விளம்பரச் சீட்டில் தென்படுகின்றன. அவையும் காதைச் சுற்றவில்லை. நெற்றிப் பொட்டை அழுத்திப் பிடித்தன. 1752ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஆய்ஸ்கோ என்பவர் நடுவிலும் மடங்கும் பக்கக் கம்பிகளை விளம்பரம் செய்தார். காதின் பின்னால் வளைந்து இறங்கும் கம்பி அதன் பிறகே பரவியது. மூக்கில் ஏறிய கண்ணாடி காதைப் போய்ச் சேர 400 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்றால் வியப்பாக இல்லையா?

இதிலிருந்து நாம் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். மூக்கு ஒன்று, காது இரண்டு. ஆக மூன்று இடங்கள் கண்ணாடியின் பாரத்தைத் தாங்குகின்றன. அடுப்புக் கற்கள் மூன்றில் ஒன்று தாழ்ந்தால் பானை சாய்வது போல, இவற்றில் ஒன்று பிசகினாலும் கண்ணாடி சாய்ந்துவிடும்.

சரி, இந்தச் சட்டங்களைச் செய்தவர்கள் யார்? தங்கத்திலும் வெள்ளியிலும் செல்வர்களுக்குச் செய்து கொடுத்த கம்மியர்கள் ஒரு புறம் இருக்கட்டும். பிரான்ஸ் நாட்டின் ஜூரா மலைப்பகுதியில் மொரே என்றோர் ஊர் உண்டு. அங்கே பியேர் இயாசேந்த் கசோ என்னும் ஆணி அடிக்கும் தொழிலாளி இருந்தார். 1796ஆம் ஆண்டில், ஆணிக்கு உதவிய இரும்புக் கம்பியையே வளைத்து அவர் மூக்குக்கண்ணாடிச் சட்டம் செய்தார். அந்த ஊரே பிற்காலத்தில் பிரான்சின் கண்ணாடித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊராயிற்று.

கிழக்கே ஜப்பானிலும் இப்படி ஒரு கதை உண்டு. ஃபுக்குய் வட்டாரத்தில் குளிர்காலம் வந்தால் வயல்களைப் பனி மூடிவிடும். விவசாயிக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் வருமானமும் இல்லை. மழை பெய்தால் பால் மரம் வெட்ட முடியாமல் திரும்பி வரும் நமக்கு அந்தத் துன்பம் நன்றாகவே புரியும். அந்த மக்களுக்கு ஒரு கைத்தொழில் வேண்டும் என்று எண்ணிய மசுனாகா கொசாயெமோன் என்னும் ஊர்ப் பெரியவர், 1905ஆம் ஆண்டில் வெளியூர்க் கைவினைஞர்களை வரவழைத்து, உழவர் வீட்டு இளைஞர்களுக்குக் கண்ணாடிச் சட்டம் செய்யக் கற்றுக்கொடுத்தார். அத்தொழில் அருகிலிருந்த சபாயே நகருக்கும் பரவியது. ஜப்பானில் தயாராகும் சட்டங்களில் மிகப் பெரும்பகுதி இன்று அந்த வட்டாரத்திலிருந்தே வருகிறது. எடை குறைந்த, துருப்பிடிக்காத டைட்டானியம் உலோகத்தில் 1980களின் தொடக்கத்தில் சட்டம் செய்து காட்டியவர்களும் அவர்களே.

ஆகவே நேயர்களே, மூக்குக்கண்ணாடிச் சட்டம் ஆணி அடித்த கையும் ஏர் பிடித்த கையும் வளர்த்த பொருள். உழைக்கும் கைகள் செய்ததை உழைக்கும் கைகள் பேணிக் காக்க முடியாதா என்ன? தேவையானது பொறுமை ஒன்றுதான்.

முதலில் உலோகத்தைப் பற்றிச் சொல்லிவிடுவோம். பழைய எஃகுச் சட்டங்கள் துருப்பிடித்தன. அதனால் பித்தளைக்கு முலாம் பூசினார்கள். பிறகு நிக்கல் வெள்ளி என்னும் கலவை வந்தது. பெயரில்தான் வெள்ளி இருக்கிறது. உள்ளே இருப்பவை செம்பும் நிக்கலும் துத்தநாகமும். மேற்பூச்சு தேய்ந்தால் வியர்வை அந்தச் செம்பைத் தாக்கும். அதுவே பச்சைக் களிம்பாகப் பூக்கிறது. வெயிலில் உழைத்து வந்ததும் கண்ணாடியைக் குழாய் நீரில் காட்டி, பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை ஒரு துளி இட்டு, விரலால் மெதுவாகத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த வில்லையைச் சட்டை நுனியால் துடைத்தால் தூசியே அதைக் கீறிவிடும். மூக்கோரம் ஓயாமல் அரித்துத் தடித்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம்; கடைக்காரரிடம் சொல்லி வேறு உலோகம் கேளுங்கள்.

அடுத்தது திருகாணி. தோட்டுக்குத் திருகாணி போடும் நம் பெண்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கம்பியைத் திறந்து மூடும்போது அது சிறிது சிறிதாகத் தளரும். வாரம் ஒரு முறை பாருங்கள். தையல் இயந்திரத்துக்கு வைத்திருக்கும் சிறிய திருப்புளி பொருந்தினால் அதுவே போதும். வலப்புறமாக மெல்லத் திருகுங்கள். கம்பி தொளதொளக்காமல் நின்றதும் நிறுத்திவிடுங்கள். மேலும் இறுக்கினால் வில்லை விரிசல் விடக்கூடும். அடிக்கடி கழலும் திருகாணியின் தலையில் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு துளி வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

இனிச் சாய்வைப் பார்ப்போம். கண்ணாடியைத் திறந்து, மேல் விளிம்பு கீழே படும்படி சமமான மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். இரண்டு கம்பிகளும் ஒன்றுபோல மேசையைத் தொட வேண்டும். ஒன்று தூக்கி நின்றால் அது வளைந்திருக்கிறது. முகத்தில் அணிந்து பார்க்கும்போது எந்தப் பக்கத்து வில்லை மேலே ஏறி நிற்கிறதோ, அந்தப் பக்கத்துக் கம்பியைச் சிறிது மேல்நோக்கி வளைக்க வேண்டும். கம்பி மேலே போனால், காது இருந்த இடத்திலேயே இருப்பதால், முன்பக்கம் கீழே இறங்கும். வளைக்கும்போது ஒரு கையால் கீலுக்குப் பக்கத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கொஞ்சம் கொஞ்சமாக வளையுங்கள். ஒரே மூச்சில் வளைத்தால் ஒடிந்துவிடும்.

கண்ணாடி நழுவுகிறதா? காதின் பின்னால் இறங்கும் வளைவு காதின் உச்சியைத் தாண்டியதும் தொடங்க வேண்டும். அது பின்தள்ளியிருந்தால் கண்ணாடி முன்னே வழுக்கும். நுனியில் பிளாஸ்டிக் உறை இருந்தால், நுனியை மட்டும் கை பொறுக்கும் சூட்டிலுள்ள நீரில் சற்று நேரம் வைத்துவிட்டு வளையுங்கள். மூக்கின் இருபுறமும் அமரும் சிறு பட்டைகள் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவியவை. அதற்கு முன்னர் பாலக் கம்பியே மூக்கின்மேல் அழுந்தியது. பட்டைகளை நெருக்கினால் கண்ணாடி உயரும், அகட்டினால் தாழும். இரண்டையும் சம அளவாக நகர்த்த வேண்டும்.

இவ்வளவு சொன்ன நாம், செய்யக் கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும். பற்றவைத்த இடம் விட்டுப்போனால் ஒட்டுப்பசையோ நெருப்போ வேண்டாம். விளிம்பில்லாக் கண்ணாடியையும், வளைத்தாலும் தானே நிமிரும் சட்டத்தையும் வீட்டில் வளைக்காதீர்கள். வில்லை கழன்று விழுந்தால் துணியில் பொதிந்து, கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கண்ணாடியை எப்போதும் இரண்டு கைகளாலும் கழற்றுங்கள்; ஒரு கையால் இழுத்து எடுப்பதே சட்டம் கோணுவதற்கு முக்கியமான காரணம். வைக்கும்போது கூட்டில் வையுங்கள்.

ஏன் இத்தனை கவனம் என்று கேட்கலாம். தூரப் பார்வைக்காக அணியும் குழிவில்லை மூக்கில் வழுக்கி இறங்கினால், அதன் பலம் கண்ணுக்குக் குறைவாகவே கிடைக்கும். அப்படி இறங்கிய கண்ணாடிக்கு மேலாகக் கரும்பலகையைப் பார்க்கும் பிள்ளைக்கு எழுத்து தெரியாது. ஆசிரியர் கேட்டால் பதில் வராது. "பையனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று நாமும் சொல்லிவிடுவோம். பட்டணம் போய்வர ஒரு நாள் கூலி போகுமே என்று தள்ளிப் போட்ட சின்ன வேலை, ஒரு பிள்ளையின் படிப்பையே தள்ளிப் போட்டுவிடும். சட்டத்தை நேராக்கிய பிறகும் பார்வை மங்கினாலோ, தலைவலி நீடித்தாலோ, அது கம்பியின் குறை அன்று. உடனே கண்ணைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இன்று மாலை விளக்கேற்றிய பின், வீட்டிலுள்ள கண்ணாடிகளை எல்லாம் வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் அழைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆணி அடித்தவரின் கதையையும், பனிக்காலத்து உழவரின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.