சாவுக்குப் பெயர் சூட்டிய மாநாடுகள்

ஊரில் ஒருவர் இறந்துவிடுகிறார். எதனால் இறந்தார் என்று விசாரித்துப் பாருங்கள். "பத்து நாளாகக் காய்ச்சல்" என்பார் ஒருவர். "மூச்சு நின்றுவிட்டது" என்பார் இன்னொருவர். "வயதாகிவிட்டது, போய்விட்டார்" என்பார் மூன்றாமவர். மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எந்த நோயால் எத்தனை பேர் இறந்தனர் என்று நாடு முழுமைக்கும் கணக்கெடுக்க முற்படும் அலுவலர் இம்மூன்றையும் எப்படிக் கூட்டுவார்?

சென்டிமீட்டரில் அளந்த நீளத்தையும் அங்குலத்தில் அளந்த நீளத்தையும் அப்படியே கூட்டிவிட முடியாது என்பதைப் பௌதிக ஆய்வுக்கூடத்தில் கால் வைத்த மாணவர் எவரும் அறிவர். அலகு ஒன்றாக இருக்க வேண்டும். இதற்காகவே 1875இல் நாடுகள் பாரிசில் கூடி மீட்டர் உடன்படிக்கையைச் செய்துகொண்டன. மரணக் காரணங்களுக்கும் இத்தகைய ஓர் உடன்பாட்டைத் தேடி அறிஞர்கள் கூடியதுண்டு. வியப்பு என்னவெனில், அவர்கள் மீட்டர் உடன்படிக்கைக்கு 22 ஆண்டுகள் முன்பே கூடத் தொடங்கிவிட்டனர் என்பதுதான்.

இங்கிலாந்தில் பிறப்பு இறப்புப் பதிவு 1837இல் அரசின் பொறுப்புக்கு வந்தது. வில்லியம் ஃபார் என்ற மருத்துவர் பதிவாளர் தலைமை அலுவலகத்தில் சேர்ந்து, குவியும் இறப்புப் பதிவுகளை வகைப்படுத்தும் வேலையை ஏற்றார். அவர் கண்ட நிலை என்ன? ஒரே நோய்க்கு நான்கைந்து பெயர்கள். ஒரே பெயருக்குள் பல நோய்கள். எதையுமே விளக்காத மழுப்பலான சொற்கள். ஏனைய அறிவியல் துறைகளில் அளவைகளுக்கு எவ்வளவு முதன்மை உண்டோ, அவ்வளவு முதன்மை இத்துறையில் பெயர்களுக்கு உண்டு என்று தம் முதல் அறிக்கையிலேயே ஃபார் வாதாடினார்.

இது வெறும் எழுத்தர் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். 1854இல் இலண்டனைக் காலரா தாக்கியது. தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் இரு தனியார் நிறுவனங்கள் குடிநீர் வழங்கிவந்தன. ஒன்று, நகரின் சாக்கடை கலக்கும் பகுதியிலிருந்து நீர் எடுத்தது. மற்றொன்று, இரண்டாண்டுகளுக்கு முன்பே ஆற்றின் மேற்பகுதிக்கு மாறிவிட்டது. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், காலராவால் இறந்தோரின் முகவரிகளை ஃபாரின் அலுவலகத்திலிருந்து பெற்று, எந்த வீட்டுக்கு எந்த நிறுவனத்தின் நீர் என்று வீடு வீடாகச் சென்று விசாரித்தார். கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களில், 10,000 வீடுகளுக்கு, அழுக்கு நீர் பெற்ற வீடுகளில் 315 சாவுகள், மற்றவற்றில் 37. காலராக் கிருமியை ஸ்னோ அறிந்திருக்கவில்லை. ஃபாரோ அப்போது கெட்ட காற்றே காரணம் என்று நம்பியவர். ஆயினும் பதிவேட்டில் "காலரா" என்ற சொல் ஒழுங்காக எழுதப்பட்டிருந்ததால், நீர்தான் குற்றவாளி என்று எண்களைக் கொண்டே ஸ்னோ வாதிட முடிந்தது. பதிவேட்டில் "பேதி", "வயிற்றுக் கோளாறு", "திடீர் மரணம்" என்று கண்டபடி எழுதியிருந்தால் அந்த 315உம் 37உம் ஏது?

ஒரு நகரத்துக்குள் ஒரே அலுவலகம் இருந்ததால் இது இயன்றது. இரு நாடுகளை ஒப்பிட வேண்டுமானால்? அதற்குத்தான் மாநாடு தேவைப்பட்டது.

முதல் அனைத்துலகப் புள்ளியியல் மாநாடு 1853இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடியது. எல்லா நாடுகளுக்கும் பொதுவான மரணக் காரணப் பட்டியல் ஒன்று வேண்டும் என்று அங்கே தீர்மானம் கொண்டுவந்தவர் அஷீல் கியார் என்ற பிரெஞ்சுக்காரர். பட்டியலைத் தயாரிக்கும் பணி ஃபாரிடமும் ஜெனீவாவைச் சேர்ந்த மார்க் டெஸ்பீன் என்பவரிடமும் ஒப்படைக்கப்பட்டது.

1855இல் பாரிஸ் மாநாட்டுக்கு இருவரும் வந்தனர், ஆளுக்கொரு பட்டியலோடு! ஃபார் நோய்களை ஐந்து பெரும் பிரிவுகளாக வகுத்திருந்தார்: கொள்ளைநோய்கள், உடல் முழுவதையும் பற்றும் நோய்கள், ஈரல், நுரையீரல் என உறுப்புவாரியான நோய்கள், வளர்ச்சியோடு தொடர்புள்ளவை, காயம் முதலிய வன்செயல்களின் விளைவுகள். டெஸ்பீனோ நோயின் இயல்பைக் கொண்டு பிரித்திருந்தார். மாநாட்டார் என்ன செய்தனர் தெரியுமா? யார் மனமும் புண்படாதபடி இரண்டையும் கலந்து 139 தலைப்புகள் கொண்ட சமரசப் பட்டியல் ஒன்றை ஏற்றனர். அது எங்கும் வேரூன்றவில்லை. ஒரு வகைப்பாட்டுக்கு ஒரு தத்துவம் வேண்டும். பாதி மீட்டரும் பாதி கெஜமும் சேர்த்து ஓர் அளவுகோல் செய்ய முடியுமா? 1864இல் அதே பாரிசில் ஃபாரின் முறையைத் தழுவிப் பட்டியல் திருத்தப்பட்டது. ஃபாரின் தத்துவம் வென்றதற்குக் காரணம் அதன் எளிமையே என்பது என் கருத்து. நோயின் உள்ளியல்பைப் பற்றி மருத்துவர்கள் சண்டையிடலாம். நோய் எந்த உறுப்பில் என்பதைப் பதிவு எழுத்தர்கூட எழுதிவிடலாம்.

இடையில் 1860இல் இலண்டனில் கூடிய நான்காவது மாநாட்டில், மருத்துவமனைகள் அனைத்தும் ஒரே மாதிரிப் படிவத்தில் நோயாளிகளைக் கணக்கிட வேண்டும் என்ற ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் திட்டம் வாசிக்கப்பட்டது. விளக்கேந்திய சீமாட்டி என்று நாம் அறிந்த அவர் புள்ளியியலிலும் தேர்ந்தவர். திட்டம் பாராட்டப்பட்டது. ஆனால் மருத்துவமனைகள் அதை நெடுங்காலம் பின்பற்றவில்லை.

பெயர்கள் ஒருபுறம் ஒழுங்காகிவர, எண்ணும் வேலையும் மலையாகக் குவிந்தது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இறப்புப் புள்ளிவிவரங்களைக் கவனித்த ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற மருத்துவர், இதற்கு ஓர் இயந்திரம் இருந்தால் நன்று என்று ஹெர்மன் ஹாலரித் என்ற இளம் பொறியியலாளரிடம் சொன்னார். ஹாலரித் தம் கருவியைச் சோதித்தது எங்கே? பால்டிமோர் நகரச் சுகாதாரத் துறையின் இறப்புப் பதிவுகளில்! ஒவ்வோர் இறப்புக்கும் ஓர் அட்டை. வயது, காரணம் முதலியவற்றுக்கு ஏற்ப அதில் துளைகள். பின்னர் 1890 கணக்கெடுப்பில் பயன்பட்ட கருவியின் தத்துவம் எளிது. அட்டையின் மேல் ஊசிகள் இறங்கும். துளை உள்ள இடத்தில் ஊசி கீழே நுழைந்து பாதரசக் கிண்ணத்தைத் தொடும், மின்சுற்று முழுமையாகும், மின்காந்தம் ஒன்று எண்காட்டியின் முள்ளை ஒரு கட்டம் நகர்த்தும். துளை இல்லாத இடத்தில் ஊசி தடுக்கப்படும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எழுத்தர் "ஏதோ காய்ச்சல்" என்று எழுதலாம். துளைக்கோ ஓர் இடம் உண்டு அல்லது இல்லை. எனவே இயந்திரம் வந்ததும் பட்டியலின் தேவை குறையவில்லை, கூடியது. பிற்காலக் கணிப்பொறிக்கும் இதே நிலைதான்.

1891இல் வியன்னாவில் கூடிய அனைத்துலகப் புள்ளியியல் கழகம், புதிய பட்டியலைத் தயாரிக்கப் பாரிஸ் நகரப் புள்ளியியல் துறைத் தலைவர் ஜாக் பெர்த்தியோனின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. இந்த பெர்த்தியோன் வேறு யாருமல்லர். 1853இல் தீர்மானம் கொண்டுவந்த கியாரின் பேரன்! பாட்டனார் கேட்டதைப் பேரன் 40 ஆண்டுகள் கழித்து 1893இல் சிகாகோவில் சமர்ப்பித்தார். அவரது நுட்பம், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று பட்டியல்களைத் தந்தது: 44 தலைப்புகள், 99 தலைப்புகள், 161 தலைப்புகள். வசதி குறைந்த நாடு சிறிய பட்டியலை எடுத்துக்கொள்ளலாம், ஒப்பீடு கெடாது.

1898இல் ஒட்டாவாவில் கூடிய அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தினர் இப்பட்டியலைப் பரிந்துரைத்ததோடு, பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்தவும் யோசனை கூறினர். நல்ல யோசனை. 1882இல்தான் காசநோய்க் கிருமியைக் கோக் கண்டறிந்திருந்தார். நோய்களைப் பற்றிய அறிவே ஆண்டுக்காண்டு மாறிக்கொண்டிருந்தது. முதல் திருத்த மாநாடு 1900 ஆகஸ்டில் பாரிசில் கூடியபோது 26 நாடுகளின் பேராளர்கள் வந்தனர். தலைப்புகள் 179 ஆயின.

ஆறாம் திருத்தம் 1948இல் வந்தது. அப்பொறுப்பு புதிதாகப் பிறந்த உலக நல்வாழ்வு நிறுவனத்துக்கு மாறியது. சாவுக்கான காரணங்களோடு, சாவில் முடியாத நோய்களும் பட்டியலில் இடம்பெற்றன. மருத்துவர் எழுதும் சான்றிதழுக்கும் ஒரு சீரான வடிவம் கிடைத்தது. உடனடிக் காரணம் முதல் வரியில். அது எதன் விளைவு என்பது அடுத்த வரியில். அதற்கும் மூலம் எது என்பது அதன் கீழே. பாம்புக்கடியால் சிறுநீரகம் செயலிழந்து ஒருவர் இறந்தால், கணக்கில் ஏற வேண்டியது பாம்புக்கடி. ஏனெனில் தடுக்கப்பட வேண்டியது அதுவே. "இதயம் நின்றது" என்று மட்டும் எழுதினால் அது செய்தியே ஆகாது. இறந்தவர் அனைவருக்கும் இதயம் நின்றுதானே இருக்கும்?

நம் நாட்டில் 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ் மருத்துவச் சான்று பெறப்படுகிறது. ஆயினும் 2020இல் பதிவான இறப்புகளில் சுமார் 22.5 விழுக்காட்டுக்கே மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது. மீதியுள்ளோர் எதனால் இறந்தனர்? மாதிரிப் பகுதிகளில் களப்பணியாளர்கள் குடும்பத்தாரிடம் நோயின் அறிகுறிகளைக் கேட்டுக் குறித்துவர, அதை மருத்துவர்கள் படித்துக் காரணத்தை உய்த்துணரும் முறை கையாளப்படுகிறது. சான்று எழுதும் மருத்துவர்களுக்கும் குறியீடு இடும் பணியாளர்களுக்கும் பயிற்சி வகுப்புகள் நடைபெறுகின்றன. அங்கு சொல்லித் தரப்படும் முதல் பாடங்களில் ஒன்று, இதயம் நின்றதைக் காரணமாக எழுதாதீர்கள் என்பது.

பதினோராம் திருத்தம் 2019இல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. இது முழுவதும் கணிப்பொறிக்கென்றே அமைந்தது. அதன் முதல் பிரிவு தொற்றுநோய்களுக்கு உரியது; அப்பிரிவின் முதல் குறியீடான 1ஏ00 காலராவுக்கு உரியது.