நீர் வந்த ஊரும் வராத ஊரும்

மைசூருக்கு வடகிழக்கே உள்ள மண்டியா வட்டாரத்தில் நெடுங்காலம் கேழ்வரகே முதன்மைப் பயிர். காவிரி பள்ளத்தில் ஓடியது. பழைய கால்வாய்கள் ஆற்றோர நிலங்களோடு நின்றுவிட, மேட்டு நிலங்கள் மழையை நம்பிக் கிடந்தன. 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் அணையும், முதலில் இர்வின் பெயரும் பின்னர் விசுவேசுவரய்யா பெயரும் பெற்ற கால்வாயும் 1930களில் இந்நிலையை மாற்றின. 1933இல் மைசூர் சர்க்கரை நிறுவனம் தோன்றியது. 1939இல் மண்டியா தனி மாவட்டமாயிற்று. ஆலை முந்தியது, மாவட்டம் பிந்தியது என்பது கவனிக்கத்தக்கது.

கரும்பு யாரை மாற்றியது? 1950களின் நடுவில் மானிடவியலாளர் ஸ்கார்லெட் எப்ஸ்டீன் இங்கு இரண்டு ஊர்களை ஆய்ந்து, வங்கலா, தலேனா எனப் புனைபெயரிட்டு 1962இல் நூலாக்கினார். வங்கலாவுக்குக் கால்வாய் நீர் கிடைத்தது. மேட்டிலிருந்த தலேனாவுக்குக் கிடைக்கவில்லை. வங்கலாவில் செல்வம் பெருகியது. எனினும் நிலமுடையோருக்கும் அவர்களிடம் தலைமுறையாக உழைத்தோருக்கும் இடையிலான உறவும் சடங்கு முறைகளும் பெரும்பாலும் நீடித்தன. தலேனா மக்களோ அயலூர்களில் நன்செய் வாங்கினர், மண்டியா நகரில் வேலை தேடினர், வணிகத்திலும் ஒப்பந்தப் பணிகளிலும் இறங்கினர். பழைய உறவுகள் தளர்ந்தது அங்கேதான். பாசனப் பரப்பை மட்டும் அளக்கும் வரலாறுகளில் இந்த ஊருக்கு இடமே இராது.