பல் மருத்துவக் கல்லூரி அடிப்படை அறிவியல் ஆசிரியர் குழுக்கள்

பல் மருத்துவ மாணவர்க்கு உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல் கற்பிப்போர் பாடத்திட்டம், கற்பித்தல் முறை, பணித்தகுதி ஆகியவை குறித்துக் கூடி ஆராயும் தொழில்முறை அமைப்புகள்.

இந்தியாவில் இப்பாடங்கள் இளநிலைப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளுக்குரியவை. பல் மருத்துவக் கவுன்சிலின் 2007ஆம் ஆண்டு விதிமுறைகள் இவற்றை வகுத்தன. கற்பிப்போரில் பலர் பல் மருத்துவர் அல்லர்; மருத்துவ அறிவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள். அவர்களுக்கான சங்கங்களும் பாடவாரியானவை: இந்திய உடற்கூறியல் கழகம் (1951), இந்திய உடலியங்கியலாளர், மருந்தியலாளர் சங்கம் (1954). ஆனால் பல் மருத்துவ மாணவரின் தேவை வேறு: பல் பிடுங்குமுன் மரத்துப்போகச் செய்யும் ஊசியை உரிய இடத்தில் போட, முக்கிளை நரம்பின் கிளைகளை மாணவர் நுணுக்கமாக அறிய வேண்டும். கை கால் உடற்கூறு அந்த அளவுக்குத் தேவையில்லை. எதை விரித்துக் கற்பிப்பது, எதைச் சுருக்குவது என்பதே இத்தகைய குழுவின் தலையாய பணி.

1923இல் தோன்றிய அமெரிக்கப் பல் மருத்துவக் கல்விச் சங்கத்தில் இத்துறைகளுக்குத் தனிப் பிரிவுகள் உள்ளன. இந்தியாவில், சென்னைக் கோட்டை ரயில் நிலையத்தருகே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி, 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவாகத் தொடங்கியது. அவ்வாறு மருத்துவக் கல்லூரியின் துணையில்லாத தனிக் கல்லூரிகளில் ஒரு துறைக்கு ஆசிரியர் சிலரே இருப்பதால், கல்லூரிகளை இணைக்கும் குழு அங்கு மிகவும் பயன்படும்.