வரைபடக் கணிப்பானும் மாணவர் விளையாட்டும்
ஒரு வரலாற்று நோக்கு

கற்பிப்பதற்கென்று செய்யப்பட்ட கருவி எதுவாயினும், மாணவன் கையில் சேர்ந்த சில நாளிலேயே அது விளையாட்டுப் பொருளாகவும் ஆகிவிடுகிறது. மணிச்சட்டத்தின் மணிகளை வண்டியாக உருட்டி மகிழாத பிள்ளை அரிது. இவ்வியல்பினை ஆசிரியருள் சிலர் குறையெனக் கொள்வர். சிலர் அறிவு மலர்ச்சியின் அறிகுறியெனக் கொள்வர். இவ்விரு கருத்துகளுக்கும் இடையே நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கொன்று உண்டு. அவ்வழக்கின் பொருள் வரைபடக் கணிப்பான்.

வரைபடக் கணிப்பான் என்பது, எண்களை மட்டும் காட்டும் சிறு கணிப்பானைப் போலன்றி, சமன்பாட்டைக் கொடுத்தால் அதற்குரிய கோட்டினைத் திரையில் வரைந்து காட்டும் கைக்கருவி. சிங்கப்பூர் மாணவர் இதனை 'ஜி.சி.' என்று சுருக்கி வழங்குவர். கணக்கிற்கென வாங்கும் இக்கருவியில் விளையாட்டும் அமைத்துக்கொள்ள விரும்பும் மாணவன் எதனைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது சிறு வினாவாகத் தோன்றலாம். அதற்கு விடை காண வேண்டின், வேகத்தையும் நினைவகத்தையும் மட்டும் ஒப்பிட்டால் போதாது. மாணவன் தானே எழுதிய நிரலை உள்ளே விடும் வாயில் அக்கருவியில் உண்டா என்பதனைக் காண வேண்டும். இக்கருவியின் வரலாறு முழுதும் அவ்வாயில் திறந்ததும் அடைபட்டதுமான வரலாறே ஆகும்.

49 படிகளில் ஒரு நிலாப் பயணம்

வரைபடத் திரை தோன்றுவதற்கு முன்னரே கணிப்பானில் விளையாட்டுத் தோன்றிவிட்டது. 1974ஆம் ஆண்டில் ஹியூலெட்-பாக்கார்டு நிறுவனம் எச்.பி.-65 என்னும் கைக்கணிப்பானை வெளியிட்டது. கட்டளைகளை வரிசையாகப் பதித்து, அவற்றைச் சிறிய காந்த அட்டையில் சேமித்து வைக்கும் வசதி அதில் இருந்தது. அடுத்த ஆண்டில் விலை குறைந்த எச்.பி.-25 வந்தது. அதில் 49 படிகளே பதிக்க இயலும். கருவியை அணைத்தால் பதித்தவை மறைந்துவிடும். காட்டியோ ஒரே வரி எண்கள்.

அக்கணிப்பானுக்கென நிறுவனம் வெளியிட்ட நிரல் நூலில், நிலாவில் விண்கலத்தை இறக்கும் விளையாட்டு ஒன்று இடம்பெற்றது. கலம் 500 அடி உயரத்தில் நொடிக்கு 50 அடி வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். மாணவன் ஒவ்வொரு முறையும் எவ்வளவு எரிபொருளைச் செலவிடுவது என்று எண்ணால் சொல்ல வேண்டும். புள்ளிக்கு முன்னுள்ள எண் வேகம்; பின்னுள்ள எண் உயரம். தரையைத் தொடும்பொழுது வேகம் சுழியத்தை நெருங்கினால் வெற்றி.

படமில்லை, ஒலியில்லை, எனினும் அது விளையாட்டே. வேகம், முடுக்கம், ஈர்ப்பு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு மாற்றுகின்றன என்பதனை மனத்தில் பதியவைக்கும் இயற்பியல் பாடமும் அதுவே. விளையாட்டும் பாடமும் தொடக்கத்தில் ஒரே நூலின் ஒரே பக்கத்தில் இருந்தன என்பதனை ஆசிரியர் கருத வேண்டும்.

திரை வந்தது

1985ஆம் ஆண்டில் ஜப்பானியக் காசியோ நிறுவனம் எஃப்.எக்ஸ்-7000ஜி என்னும் கருவியை வெளியிட்டது. உலகின் முதல் வரைபடக் கணிப்பான் இதுவே. இதன் திரை 96 புள்ளி அகலமும் 64 புள்ளி உயரமும் கொண்டது. நிரல் எழுதக் கிடைத்த இடம் 422 பைட்டு மட்டுமே. இக்கட்டுரையின் ஒரு சிறு பத்தியைக்கூட அவ்விடத்தில் அடக்க இயலாது.

திரை வந்தவுடன் விளையாட்டு ஏன் எளிதாயிற்று? கோடு வரைய வல்ல திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் இடம் உண்டு; அவ்விடத்தை இரண்டு எண்களால் குறிக்கலாம். பந்து ஒன்று திரையின் ஓரத்தில் மோதித் திரும்புவதாகக் கொள்க. பந்தின் கிடைத்தூரம் ஓர் எண். செங்குத்துத் தூரம் இன்னோர் எண். ஒவ்வொரு சுற்றிலும் இவற்றோடு வேக எண்ணைக் கூட்டிப் பழைய புள்ளியை அழித்துப் புதிய புள்ளியை இட்டால் பந்து நகர்கிறது. கிடைத்தூரம் திரையின் எல்லையைத் தொட்டதும் வேக எண்ணின் குறியைக் கூட்டலிலிருந்து கழித்தலுக்கு மாற்றினால் பந்து திரும்புகிறது. ஆய அச்சு, குறையெண், சமனிலி ஆகிய மூன்றையும் புரிந்துகொள்ளாத ஒருவன் இதனை எழுத முடியாது.

ஆயினும் முதற்கருவியில் ஒரு குறை இருந்தது. எண்ணைக் கேட்டு நிற்கத்தான் அது அறியும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்பொழுதே எந்த விசை அழுத்தப்பட்டது என்று பார்த்தறியும் கட்டளை அதில் இல்லை. ஆகவே எண்ணைக் கண்டுபிடித்தல் போன்ற முறைவைத்து ஆடும் ஆட்டங்களே அதற்குப் பொருந்தின. விசையறியும் கட்டளை பின்வந்த கருவிகளில் சேர்ந்த பிறகே பாம்பு ஊர்ந்தது, கட்டைகள் விழுந்தன.

ஹியூலெட்-பாக்கார்டு நிறுவனம் 1990இல் எச்.பி.-48எஸ்.எக்ஸ் கருவியை வெளியிட்டது. அகச்சிவப்புக் கதிரால் ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு நிரலை அனுப்பும் வசதி அதில் இருந்தது. 1993இல் வந்த எச்.பி.-48ஜி வரிசையில் கண்ணிவெடிகளைத் தவிர்த்துக் கடக்கும் விளையாட்டு ஒன்றை நிறுவனமே உள்ளே வைத்துக் கொடுத்தது. பொறியியல் மாணவர் இவ்வரிசையைப் பெரிதும் போற்றினர்.

வகுப்பறை தேர்ந்த கருவி

பொறியாளர் விரும்பியது ஒன்று. பள்ளிக்கூடம் தேர்ந்தது வேறொன்று. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃப்ராங்க்ளின் டெமானா, பெர்ட் வெயிட்ஸ் என்னும் கணிதப் பேராசிரியர் இருவர், வரைபடக் கணிப்பானைக் கொண்டு கணிதம் கற்பிக்கும் முறையை ஆசிரியர்க்குப் பயிற்றுவித்தனர். டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் ஆசிரியர் தேவையை மனத்திற்கொண்டு 1990இல் டி.ஐ.-81 கருவியை வெளியிட்டது. 1995 முதல் அமெரிக்கக் கல்லூரி வாரியத்தின் உயர்நிலை நுண்கணிதத் தேர்வில் வரைபடக் கணிப்பான் கட்டாயமாயிற்று. தேர்வு எதனைக் கேட்கிறதோ அதனையே பெற்றோர் வாங்குவர். இவ்வாறு ஒரே வகைக் கருவி பல்லாயிரம் மாணவர் பைகளில் சேர்ந்தது.

சிங்கப்பூரிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 2006இல் நடைமுறைக்கு வந்த தொடக்கக் கல்லூரிப் பாடத்திட்டத்தில், எச்2 கணிதத்திற்கு வரைபடக் கணிப்பானைப் பயன்படுத்துதல் எதிர்பார்க்கப்பட்டது. இயற்கணிதக் கோவைகளைத் தானே சுருக்கித் தரும் கருவிகள் ஏற்கப்படவில்லை. ஆகவே மாணவன் முதலிற் காண வேண்டுவது விளையாட்டின் சிறப்பை அன்று. தேர்வு மன்றத்தின் பட்டியலையே ஆகும்.

ஒரே கருவி பலரிடம் இருந்தமையால் விளைந்த பயன் ஒன்றுண்டு. ஒருவன் எழுதிய நிரல் வகுப்பிலுள்ள அனைவர் கருவியிலும் ஓடும். டி.ஐ.-81இல் இணைப்புக் கம்பிக்கு இடமில்லை. நிரலை எழுத்தெழுத்தாக விசையழுத்தியே ஏற்ற வேண்டும். 1992இல் வந்த டி.ஐ.-85இல் கம்பி வந்தது. இடைவேளையில் இருவர் கருவிகளை இணைத்தால் சில நொடிகளில் விளையாட்டு கைமாறியது. எழுதியவன் பெயரும் அதனுடன் சென்றது.

பின்வாசல் திறந்த கதை

கருவியில் நிறுவனம் அமைத்திருந்த பேசிக் மொழி கற்க எளிது; ஆனால் மெல்ல ஓடும். ஒவ்வொரு வரியையும் கருவி படித்துப் பொருள் கண்டு செய்ய வேண்டியிருந்ததே காரணம். இசட்-80 என்னும் நுண்செயலியின் நேர்மொழியில் எழுதினால் விளையாட்டு விரைந்தோடும். ஆனால் அதற்கு வாயில் இல்லை.

1994இல் ஆர்வலர் சிலர் ஒரு வழி கண்டனர். டி.ஐ.-85இன் நினைவகம் முழுவதையும் கணினியில் படியெடுத்து வைக்கலாம். பின்னர் அப்படியைத் திரும்பவும் ஏற்றலாம். அப்படியினுள் பயனர் பட்டியலுக்குரிய இடத்தைச் சற்றே மாற்றியமைத்து ஏற்றியபொழுது, கருவி அவர்கள் எழுதிய நேர்மொழிக் கட்டளைகளை நிறைவேற்றத் தொடங்கிற்று. இசட்ஷெல் என்னும் நிரல் இவ்வாறு பிறந்தது. அதன் பின்னர் விரைந்தோடும் விளையாட்டுகள் பல தோன்றின.

நிறுவனம் இதனைப் பகையாகக் கருதவில்லை. 1996இல் வெளிவந்த டி.ஐ.-83இல் நேர்மொழி நிரலை ஓட்டும் வழியைத் தானே வைத்தது. 1999இல் வந்த டி.ஐ.-83 பிளஸ், அணைத்தாலும் அழியாத நினைவகம் கொண்டு, நிரல்களைப் பாதுகாத்து வைக்க இடம் தந்தது. பின்வாசலாக இருந்தது தலைவாயிலாயிற்று. அக்காலத்தில் பயின்று பின்னர் கணினித் துறையில் புகுந்தோர் பலர், தாம் முதலில் நிரல் எழுதியது பள்ளிக் கணிப்பானில்தான் என்று கூறுவதுண்டு.

பூட்டும் திறவுகோலும்

திறந்த வாயில் மீண்டும் அடைபட்டதற்குக் காரணம் தேர்வறையே. நிரலை உள்ளே விடும் கருவி, மறைத்து வைத்த குறிப்பையும் உள்ளே விடும். தேர்வு நடத்துவோர் அஞ்சியதில் பிழையில்லை. 2007இல் வந்த டி.ஐ.-என்ஸ்பயர் கருவி நேர்மொழி நிரல்களை ஏற்கவில்லை. 2010இல் ஆர்வலர் அதனையும் திறந்தனர். நிறுவனம் புதிய இயக்கமுறையால் மீண்டும் அடைத்தது. 2011இல் லுவா என்னும் நிரல்மொழியை நிறுவனமே அக்கருவியில் சேர்த்தது. அடைப்பதுடன் நில்லாமல், முறையான வேறு வழி ஒன்றைக் காட்டியது நற்செயலே.

2009இல் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. டி.ஐ.-83 பிளஸ் கருவியின் இயக்கமுறையைக் காத்துநின்றது 512 இருமக்கூறு நீளமுள்ள ஒரு பேரெண். அதனை இரு பகா எண்களாகப் பகுத்தறிந்தால் பூட்டுத் திறக்கும். ஆர்வலர் ஒருவர் தம் வீட்டுக் கணினியை மாதக்கணக்கில் ஓடவிட்டு அதனைப் பகுத்துவிட்டார். பகா எண்களால் ஒரு பயனும் இல்லை என்று சலிக்கும் மாணவனுக்கு இதனைவிடச் சிறந்த விடையில்லை. விவரங்களை நீக்கக் கோரி நிறுவனம் மடல் விடுத்தது. மின்னுலக உரிமை காக்கும் அமைப்பொன்று ஆர்வலர் சார்பில் எழுந்து, சொந்தக் கருவியில் சொந்த நிரலை ஓட்டுதல் குற்றமாகாது என்று வாதிட்டது.

2020இல் மீண்டும் ஒரு திருப்பம். பிரெஞ்சு நாட்டுத் தேர்வுகளுக்கென, நினைவகத்தை மறைத்து விளக்கொளி காட்டும் 'தேர்வு நிலை' கருவிகளில் அமைந்திருந்தது. அதனை ஏமாற்றும் வழியை ஒரு காணொளி வெளிப்படுத்தவே, டெக்சஸ் நிறுவனம் புதிய இயக்கமுறையில் நேர்மொழி நிரல்களுக்கு இடமில்லாமற் செய்தது. 2017இல் திறந்த உள்ளத்தோடு தோன்றிய நம்வொர்க்ஸ் என்னும் பிரெஞ்சுக் கருவியும் 2021இல் தன் இயக்கமுறையைப் பூட்டிக்கொண்டது. ஒருசிலர் ஏமாற்றியதற்கு, ஆக்கம் செய்த அனைவரும் விலை கொடுக்க நேர்ந்தது.

தேர்ந்தெடுக்கும் முறை

இவ்வரலாற்றிலிருந்து வாங்குவோர் கேட்க வேண்டிய வினாக்கள் தாமே புலப்படும். தேர்வு மன்றம் ஏற்கும் கருவியா என்பது முதல் வினா. நிரல் ஓடும்பொழுது விசையறியும் கட்டளை உண்டா என்பது இரண்டாவது. கணினியோடு இணைத்து நிரலை ஏற்றவும் இறக்கவும் கம்பியுண்டா என்பது மூன்றாவது. எம்மொழியில் எழுதலாம் என்பது நான்காவது.

முதலில் நிரல் கற்போர்க்குப் பேசிக் மொழியுள்ள டி.ஐ.-84 பிளஸ் குடும்பம் ஏற்றது. துணைசெய்யும் நண்பரும் எடுத்துக்காட்டுகளும் அதற்கே மிகுதி. 2017இல் வந்த காசியோ எஃப்.எக்ஸ்-சி.ஜி.50இல் வண்ணத்திரை உண்டு. பின்னர்ப் பைத்தான் மொழியும் சேர்ந்தது. வெளியார் எழுதிய துணைநிரல்களையும் அது ஏற்கும். நேர்மொழி கற்க விரும்புவோர்க்குப் பழைய டி.ஐ.-83 பிளஸ் ஒன்றைக் குறைந்த விலையில் வாங்குதல் நலம். இயக்கமுறையைப் புதுப்பிக்குமுன் அதனால் எவ்வாயில் அடைபடும் என்று ஆராய்தல் வேண்டும். தேர்வின்பொருட்டு நினைவகத்தை அழிக்க நேரிடும். ஆதலால் எழுதியவற்றின் படியைக் கணினியில் காத்தல் இன்றியமையாதது.

ஆசிரியர் கடமை

பிறர் எழுதிய விளையாட்டை வாங்கி ஆடுவோன் நேரத்தை இழக்கிறான் என்னும் குறை முற்றிலும் பொய்யன்று. ஆனால் தானே எழுதுவோன் நிலை வேறு. அவன் எழுதிய பந்து சுவரைத் துளைத்துக்கொண்டு போகும்பொழுது, தவறு எங்கே என்று அவனே தேடுகிறான். யாரும் மதிப்பெண் தராமலே திருத்துகிறான். கரும்பலகையில் நூறுமுறை விளக்கியும் விளங்காத குறையெண், அந்த ஒரு நாளில் விளங்கிவிடுகிறது.

ஆகவே வகுப்பில் கணிப்பானை மறைத்து ஆடும் மாணவனைக் காணும் ஆசிரியர், கருவியைப் பறிக்குமுன் ஒரு வினாவைக் கேட்டல் நன்று: "இதை எழுதியது யார்?" பிறர் என்று அவன் சொன்னால், அதில் ஒரு வரியையேனும் மாற்றிக் காட்டுமாறு பணிக்கலாம். தான் என்று சொன்னால், அதனை வகுப்பினர்க்கு விளக்குமாறு பணிக்கலாம். தேர்வறையில் பூட்டும் வகுப்பறையில் திறவுகோலும் இருத்தல் வேண்டும். இரண்டினையும் இடமறிந்து ஆளுதலே ஆசிரியத் தொழிலின் நுட்பம்.