மீதியை வெள்ளித்திரையில் காண்க



நற்பிட்டிமுனையில் எங்கள் மூத்தம்மாவின் பழைய வீட்டைப் பிரித்தபோது தகரப் பெட்டியொன்று அகப்பட்டது. காணி உறுதிகள், மை மங்கிய ரசீதுகள், இவற்றுக்கெல்லாம் அடியில் அட்டை கிழிந்த ஒரு சினிமாப் பாட்டுப் புத்தகம். பெரியவாப்பாவுடையதாகத்தான் இருக்க வேண்டும். இரண்டாம் ஆட்டத்துக்குக் கல்முனைக்குக் கால்நடையாகப் போய், சுபஹுத் தொழுகைக்கு முன் சத்தமில்லாமல் வந்து படுத்துக்கொள்வாராம். படம் பார்ப்பது அந்த வீட்டில் பெருங்குற்றம். பாட்டுப் புத்தகம் வைத்திருப்பது அரைக் குற்றம். ஆகவேதான் அது உறுதிகளுக்கு அடியில் கிடந்தது போலும்.

அந்தப் புத்தகத்தின் முதற் பக்கங்களில் கதைச் சுருக்கம் இருக்கிறது. நாயகி வீட்டைவிட்டுத் துரத்தப்படுகிறாள், நாயகன் சிறை போகிறான். அந்த இடத்தில் அச்சுக் கோத்தவர் கையை நிறுத்திக்கொண்டு, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டுவிட்டார்.

இன்று நான் பேச வந்தது டி.வி.டி. வட்டுக்களில் படத்தோடு சேர்த்துத் தரப்படும் மேலதிகச் சங்கதிகளைப் பற்றி. படம் எடுத்த கதை, நெறியாளரின் விளக்கவுரை, வெட்டிவிடப்பட்ட காட்சிகள், நடித்தவர்களின் நேர்காணல் என்று அவை பல வகைப்படும். பத்திரிகைக்காரர் மொழியில் சொன்னால் 'இலவச இணைப்பு'. இது மேல்நாட்டார் அண்மையில் கண்டுபிடித்த புதுமை என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். என் கையிலிருந்த கிழிந்த புத்தகம் வேறு விதமாகச் சொல்லிற்று. படத்தோடு ஓர் இணைப்பை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கம் தமிழ் ரசிகனுக்குப் பேசும்படத்தின் தொடக்க காலத்திலேயே வந்துவிட்டது.

1931 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31 இல் சென்னை கினிமா சென்ற்றலில் 'காளிதாஸ்' திரையிடப்பட்டது. எச்.எம். ரெட்டி நெறிப்படுத்த, ரி.பி. ராஜலக்ஷ்மி நடித்த அந்தப் படத்தில் ஐம்பது வரையிலான பாட்டுக்கள் இருந்தனவாம். அக்காலத்துப் படங்களில் பாட்டுக்களை ஒருமுறை கேட்டு நினைவில் வைப்பது யாராலும் ஆகாத காரியம். ஆகவே கொட்டகை வாசலில் சில சதத்துக்கு விற்கப்பட்ட பாட்டுப் புத்தகம் ஒரு தேவையாகவே இருந்தது. மலிவுக் கடதாசியில் அச்சிட்ட அந்தப் புத்தகத்தில் நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாட்டுக்கள், பின்னட்டையில் சவர்க்காரத்துக்கோ தைலத்துக்கோ விளம்பரம் எல்லாம் இருக்கும். 1954 இல் எஸ். பாலசந்தர் பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' எடுத்தபோது, பாட்டுப் புத்தகம் விற்றவர்களின் மனநிலை எப்படியிருந்திருக்கும் என்று சில வேளை எண்ணிச் சிரித்ததுண்டு.

அந்தப் புத்தகங்களைக் குப்பை என்று ஒதுக்கியவர்கள் நம் அறிஞர்கள்தாம். ஆனால் நடந்தது என்ன? 'காளிதாஸ்' படத்தின் பிரதி இன்று இல்லை. தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட பேசாப் படங்களில் 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான் தப்பியது. முப்பதுகளின் பேசும்படங்களிலும் பெரும்பாலானவை அழிந்து போயின. அக்காலச் சுருள் எளிதில் தீப்பிடிக்கும் இரசாயனத்தால் ஆனது. ஓட்டம் முடிந்த சுருளிலிருந்து வெள்ளியை உருக்கி எடுத்து விற்பதும் ஒரு வியாபாரமாக இருந்தது. படம் போய்விட்டது, இணைப்பு தங்கிவிட்டது. இன்று ஒரு பழைய படத்தில் யார் நடித்தார், யார் பாட்டெழுதினார், கதை எந்த வழியில் போயிற்று என்று அறிய வேண்டுமானால் ஆராய்ச்சியாளர் போய் நிற்பது இந்தப் பாட்டுப் புத்தகங்களின் வாசலில்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் நாடக நோட்டீசையும் பாட்டுப் புத்தகத்தையும் பொறுக்கிச் சேர்த்திராவிட்டால், அவர் 1992 இல் மறைந்த பின்னர் 1994 இல் சென்னையில் அவர் பெயரால் எழுந்த ஆராய்ச்சி நூலகத்தில் இவை இருந்திருக்குமா?

நமது நாட்டுக்கு வருவோம். 1952 இல் வெளிவந்த 'பராசக்தி' கொழும்பு மைலன் தியேட்டரில் ஏறக்குறைய நாற்பது வாரம் ஓடியது. அந்தப் படத்தைப் பார்த்தவர்களிலும் அதன் வசனத்தை மனனம் செய்தவர்கள் தொகை கூட என்று சொல்லலாம். வசனம் புத்தகமாக வந்தது. பாடசாலை விழாக்களில் நீதிமன்றக் காட்சியை நடித்துக் காட்டாத ஊர் அக்காலத்தில் அரிது. பின்னர் 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'திருவிளையாடல்' முதலியவற்றின் கதைவசனம் இசைத்தட்டிலும் அதன்பின் கசற்றிலும் வந்தது. தருமிக்கும் சிவனுக்கும் நடக்கும் வாக்குவாதத்தை முழுமையாகச் சொல்லக்கூடிய பையன்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் படத்தைக் கண்ணால் கண்டவர்களல்லர். கலியாண வீட்டு ஒலிபெருக்கியில் கேட்டதே அவர்களுக்குப் படம்.

வானொலியைச் சொல்லாமல் விட முடியாது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் கே.எஸ். ராஜா 'திரைவிருந்து' நடத்திய காலத்தை நினைத்துப் பாருங்கள். வசனத்தில் ஒரு துண்டு, பாட்டில் இரண்டு வரி, அதற்கிடையில் அவருடைய மூச்சு விடாத அறிவிப்பு. ஒரு படத்தை எங்கே வெட்டினால் கேட்பவனுக்குப் பசி எடுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. விளம்பரம்தான், மறுப்பதற்கில்லை. என்றாலும் பிற்காலத்தில் டி.வி.டி. யில் வந்த எத்தனையோ முன்னோட்டங்களைவிட அதில் கைத்திறன் இருந்தது என்பது என் துணிபு.

மேல்நாட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1984 இல் அமெரிக்காவின் கிரைற்றீரியன் நிறுவனம் 'கிங் கொங்' படத்தை லேசர் வட்டில் வெளியிட்டபோது, றொனால்ட் ஹேவர் என்ற திரைப்பட ஆய்வாளரின் விளக்கவுரையைத் தனி ஒலித்தடத்தில் சேர்த்தது. படம் ஓடும், கூடவே ஒரு அறிஞர் அருகிலிருந்து பேசிக்கொண்டிருப்பார். 1996 இன் இறுதியில் யப்பானிலும் 1997 இல் அமெரிக்காவிலும் டி.வி.டி. வந்தபின் இது வழக்கமாயிற்று. எல்லாம் தரமானவை என்று சொல்லமாட்டேன். ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்ளும் நடிகர் நேர்காணல்கள் அங்கும் மலிந்து கிடக்கின்றன. ஆனால் நல்லது நல்லதாகவே இருந்தது.

ஓர் உதாரணம் நம் மண்ணோடு சம்பந்தப்பட்டது. டேவிட் லீனின் 'த பிரிட்ஜ் ஒன் த றிவர் குவாய்' கித்துல்கலையில் எடுக்கப்பட்ட படம். களனி கங்கைக்குக் குறுக்கே மரப் பாலம் கட்டி, அதை மெய்யாகவே வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1957 மார்ச் 10 ஆந் திகதி வெடிப்பதற்கு ஏற்பாடாகி, கமராக்காரர் ஒருவரின் சைகை கிடைக்காததால் அன்று காரியம் கெட்டது. மறுநாள் வெடித்தது. பிரதமர் பண்டாரநாயக்காவும் பார்க்க வந்திருந்தார். 2000 ஆம் ஆண்டில் அந்தப் படம் டி.வி.டி. யாக வந்தபோது அது எடுக்கப்பட்ட வரலாறு பற்றிய ஆவணப்படமொன்றும் சேர்ந்து வந்தது. நமது நாட்டு ஆற்றங்கரையில் நடந்த ஒரு காரியத்தை அறிய நாம் பிறநாட்டு வட்டின் இணைப்பைத் திறக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் படப்பிடிப்பை வேடிக்கை பார்த்தவர்களில் மட்டக்களப்பு அமிர்தகழியிலிருந்து பாடசாலைச் சுற்றுலா போன சிறுவன் ஒருவனும் இருந்தான். 'மழை' என்று லீன் குரல் கொடுக்க மழை பெய்ததாம். அந்த ஆச்சரியமே தன்னைச் சினிமாவுக்கு இழுத்தது என்று அவர் பிற்காலத்தில் பலமுறை சொன்னார். அவர்தான் பாலுமகேந்திரா. எங்களுக்கு அயலூர்க்காரர்.

இனித் தமிழ் வட்டுக்களின் தரத்தைப் பார்ப்போம். முதலில் வந்தது வி.சி.டி. ஒரு வட்டில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலாகவே கொள்ளும். நமது இரண்டரை மணித்தியாலப் படத்துக்கு இரண்டு மூன்று வட்டு வேண்டும். அதில் இணைப்புக்கு இடமேது? டி.வி.டி. வந்ததும் இடம் தாராளமாகக் கிடைத்தது. கிடைத்த இடத்தை என்ன செய்தார்கள்? ஒரே வட்டில் மூன்று படங்களை நெருக்கி அடைத்தார்கள். சந்தைக் கடைகளில் 'மூன்று படம் ஒரு விலை' என்று தொங்கியவற்றை நீங்களும் வாங்கியிருப்பீர்கள். படத்தின் தெளிவும் கெட்டது, இணைப்பும் இல்லை. லண்டனில் ஈழத்தமிழர் நடத்திய ஐங்கரன் போன்ற நிறுவனங்கள் வெளியிட்டவை தெளிவில் எவ்வளவோ மேல். ஆனாலும் 'சிறப்பம்சம்' என்று போட்ட இடத்தை அழுத்தினால் பெரும்பாலும் பாட்டுக்களின் பட்டியலும் அடுத்து வரவிருக்கும் படங்களின் முன்னோட்டமுமே வரும். பாட்டுப் புத்தகமும் பின்னட்டை விளம்பரமும் உருமாறி வந்திருப்பதாகவே எனக்குப் பட்டது. அதிலும் கதைச் சுருக்கத்தைக் காணோம்.

2007 அளவில் இந்தியாவில் மோசர் பேயர் நிறுவனம் வி.சி.டி. யை 28 ரூபாவுக்கும் டி.வி.டி. யை 34 ரூபாவுக்கும் விற்கத் தொடங்கியது. திருட்டு வட்டை விலையால் வெல்லும் எண்ணம். நல்லெண்ணந்தான். ஆனால் 34 ரூபா வட்டுக்காக ஒரு பழைய ஒளிப்பதிவாளரின் வீடு தேடிப்போய் எவர் நேர்காணல் எடுப்பார்? குறை வியாபாரியில் மட்டுமல்ல. நாமும் கேட்கவில்லை. படம் தெளிவா, பாட்டு வெட்டாமல் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விக்கு மேல் கடைக்காரரிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இதனால் போனது என்ன என்று கேட்கலாம். பாலுமகேந்திராவையே எடுங்கள். 1988 இல் வந்த 'வீடு', 1989 இல் வந்த 'சந்தியா ராகம்' ஆகியவற்றின் மூல நெகட்டிவ்கள் இல்லாமற் போய்விட்டன என்று அவர் உயிரோடிருந்தபோதே வருந்திச் சொன்னார். தமிழ்ப் படங்களுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டுமென்று கேட்டுக் கேட்டே 2014 பெப்ரவரியில் காலமானார். 'வீடு' படத்தைக் காட்சி காட்சியாக நிறுத்தி, இந்த வெளிச்சம் எந்த யன்னல் வழியாக வந்தது என்று அவர் குரலிலேயே ஒரு விளக்கவுரை வட்டில் பதிந்திருந்தால்! இந்தக் கலையை இளைஞருக்குக் கற்பிக்கவே ஒரு பட்டறை நடத்திய மனிதர் அவர். மைக் ஒன்றை முன்னால் வைத்திருந்தால் நாள் முழுக்கப் பேசியிருப்பார்.

இலங்கைத் தமிழ்ப் படங்களின் நிலை இதிலும் மோசம். 1962 இல் 'சமுதாயம்', 1963 இல் 'தோட்டக்காரி' என்று தொடங்கி, 'குத்துவிளக்கு' (1972), 'புதிய காற்று' (1975), 'கோமாளிகள்' (1976), தர்மசேன பத்திராஜ நெறிப்படுத்திய 'பொன்மணி' (1977), செங்கை ஆழியானின் நாவலைப் படமாக்கிய 'வாடைக்காற்று' (1978) என்று ஒரு வரிசை நமக்கு இருந்தது. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது சிங்களப் படம், தமிழ்ப் படம் என்று நெருப்பு பார்க்கவில்லை. 'குத்துவிளக்கு' தயாரித்த வி.எஸ். துரைராஜா ஒரு கட்டடக் கலைஞர். எரிந்துபோன யாழ்ப்பாண நூலகத்தை மீளக் கட்டுவதற்கு வரைபடம் தயாரித்தவரும் அவரே. நூலகம் எரிந்த கதையையும் எழுந்த கதையையும் புத்தகமாக எழுதி வைத்தார். அவர் எடுத்த படத்துக்கு அப்படி ஒரு துணைநூல் எங்கள் கைக்கு வரவில்லை. செங்கை ஆழியான் 2016 இலும் பத்திராஜ 2018 இலும் போய்விட்டார்கள்.

நெருப்பில் கருகியதெல்லாம் முடிந்த கதை என்றும் சொல்வதற்கில்லை. சத்யஜித் ராயின் அப்பு வரிசைப் படங்கள் மூன்றின் நெகட்டிவ்களும் 1993 இல் லண்டனில் ஏற்பட்ட தீயில் கருகின. கருகிய சுருளை அமெரிக்கர் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். பின்னர் இத்தாலியின் பொலோஞா நகரத்து ஆய்வுகூடத்தில் அவற்றை ஈரப்படுத்தி, அங்குலம் அங்குலமாக ஒட்டி, 2015 இல் மீட்டார்கள். கைவிட வேண்டியிருந்த பகுதிகளுக்கு மட்டும் வேறு பிரதிகளை நாடினார்கள். அந்த மீட்பு வேலையைக் காட்டும் சிறு ஆவணப்படத்தை வட்டிலேயே இணைத்தும் விட்டார்கள். கையுறை போட்ட ஒருவர் பொரிந்துபோன சுருளை மெல்லப் பிரிக்கும் காட்சியை நான் மூன்று முறை பார்த்தேன். படத்தை ஒரு முறைதான் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது.

இன்று வட்டு வாங்குவோரும் குறைந்துவிட்டார்கள். படங்கள் கைத்தொலைபேசிக்கே வருகின்றன, இணைப்பு எதுவுமில்லாமல். நூலகம் நிறுவனத்தார் 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஏடுகளை மின்னூலாக்கி வருகிறார்கள். இலங்கைப் படங்களுக்கு வந்த பாட்டுப் புத்தகங்கள், நோட்டீசுகள் உங்கள் வீட்டுப் பெட்டிகளில் இருந்தால் எறிந்துவிட வேண்டாம். அந்தப் படங்களில் நடித்தவர்கள், பின்னணி பாடியவர்கள், வெளிச்சம் பிடித்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவி இப்போது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது.

பெரியவாப்பாவின் புத்தகத்தில் படத்தின் பெயர் இருந்த அட்டை இல்லை என்று சொன்னேன். கடைசிப் பக்கங்களும் இல்லை. பாட்டுக்களை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று வயது போன இருவரிடம் பாடிக் காட்டினேன். ஒருவர் ஒரு படத்தின் பெயரைச் சொன்னார், மற்றவர் வேறொன்றைச் சொன்னார். இரண்டு பேரும் அதைக் கல்முனையில் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறார்கள்.