ஹதீஸில் வரும் கம்ஆ நம் கடைக் காளான் அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

மழைக்காலம் வந்தால் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கும். காளான் சாறு கண் நோய்க்கு மருந்து, ஹதீஸில் வந்திருக்கிறது என்று. கூடவே ஒரு படம். அதில் இருப்பது சுப்பர் மார்க்கட்டில் பெட்டியில் விற்கும் வெள்ளை மொட்டுக் காளான். அதைப் பிழிந்து கண்ணில் விட யாராவது துணிந்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஹதீஸ் ஆதாரபூர்வமானது. ஸஈத் பின் ஸைத் (ரழி) அவர்கள் அறிவிப்பது, புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. கம்ஆ என்பது 'மன்னு' வகையைச் சேர்ந்தது, அதன் நீர் கண்ணுக்கு நிவாரணம் என்பது கருத்து. சிக்கல் 'கம்ஆ' என்ற சொல்லில் இருக்கிறது. அந்தப் பொருள் நம் மண்ணில் விளைவதில்லை, ஆகவே தமிழில் அதற்குப் பெயரும் இல்லை. மொழிபெயர்த்தவர்கள் கிட்டிய சொல்லாகக் 'காளான்' என்று போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேறு எதைப் போடுவது?

கம்ஆ காளான் குடும்பத்துக்குத் தூரத்து உறவு. ஆனால் அதற்குக் குடையும் இல்லை, தண்டும் இல்லை. மண்ணுக்குள்ளேயே உருளைக்கிழங்கு போலத் திரளும். ஐரோப்பியர் 'ட்ரஃபிள்' என்று பெரும் விலைக்கு வாங்கும் பொருளின் பாலைவன வகை. மறைந்திருப்பதால்தான் அந்தப் பெயர் வந்தது என்று இப்னுல் கையிம் (ரஹ்) எழுதுகிறார். விதைக்காமல், தண்ணீர் பாய்ச்சாமல் கிடைப்பதால் அது 'மன்னு' என்பதும் அறிஞர்கள் தந்த விளக்கம்.

சொல்லின் வயது என்னை ஆச்சரியப்படுத்துகிறது. இன்றைய சிரியாவில், யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் மாரி என்றொரு பழைய நகரம் இருந்தது. (நம் மாரி மழைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை!) அதன் கடைசி அரசன் சிம்ரி-லிம். சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முந்திய அவனுடைய அரண்மனைக் களிமண் ஏடுகளில் இந்தப் பண்டம் 'கம்ஆதும்' என்று வருகிறது. ஒரு ஆளுநர் அரசனுக்குத் தொடர்ந்து கம்ஆ அனுப்பியிருக்கிறார். அரசனோ, மோசமானதை அனுப்பிவிட்டாய் என்று கோபித்திருக்கிறான். பறித்துத் தந்ததைத்தானே அனுப்பினேன், என்மேல் கோபிக்கலாமா என்று ஆளுநர் பதில் எழுதியிருக்கிறார். மேலிடத்துக்குக் கடிதம் எழுதிப் பழகிய அரச உத்தியோகத்தர்களுக்கு இந்தத் தொனி நன்றாக விளங்கும்.

அரபு வளைகுடாவில் 'வஸ்ம்' என்று ஒரு மழைக்காலம் உண்டு. ஒக்டோபர் நடுப்பகுதியில் தொடங்கி 52 நாட்கள். கிழக்கிலே நமக்கு மாரி தொடங்கும் அதே நாட்கள்தான். அந்த மழை பிழைத்தால் அவ்வருடம் கம்ஆ இல்லை என்றே சொல்லலாம். நேரத்துக்குப் பெய்தால் குளிர்காலத்தின் நடுவிலிருந்து மார்ச் வரை அறுவடை. 'ரக்ரூக்' என்ற சிறு செடியின் வேரோடு சேர்ந்துதான் கம்ஆ வளரும். செடி நீர் உறிஞ்ச அது உதவும், செடி அதற்கு உணவு கொடுக்கும். மண் இலேசாகப் புடைத்து வெடித்திருக்கும் இடத்தை, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் கண்டுபிடித்துக் கையால் கிண்டி எடுப்பார்கள். இடி அதிகம் இடித்தால் கம்ஆ அதிகம் என்பது பதவிகளின் நம்பிக்கை. 'இடியின் செடி' என்றே அதற்கு ஒரு பெயர். நம் ஊர்களிலும் இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பார்களே, அது போல.

அப்பாஸியர் காலத்துப் பக்தாதில் இந்தப் பாலைவன உணவு மாளிகைச் சமையலறைக்குள்ளும் போனது. 10ஆம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்-வர்ராக் தொகுத்த சமையல் நூலில் கம்ஆவுக்கும் இடம் உண்டு. அந்தக் காலத்துப் பெரிய சாப்பாட்டின் மற்றொரு தூண், இலையுதிர் காலத்தில் பறித்துக் குளிருக்குச் சேமிக்கும் கொட்டைகள்: பாதாம், அக்ரூட், பிஸ்தா, பைன் மரக் கொட்டை. அவற்றை அலங்காரத்துக்கு மட்டும் தூவவில்லை. 1226இல் முஹம்மத் பின் ஹசன் அல்-பக்தாதி எழுதிய நூலில் 'மிஷ்மிஷிய்யா' என்றொரு இறைச்சிக் கறி இருக்கிறது. உலர்ந்த அப்ரிகொட் பழத்தை ஊற வைத்து, வேக வைத்து, வடித்த சாற்றில் இறைச்சி. அதைத் தடிப்பாக்க அரைத்த பாதாம். நிறத்துக்குக் குங்குமப்பூ, கடைசியில் பன்னீர். நாம் தேங்காய்ப் பாலின் முதல் பாலை ஊற்றுகிற இடத்தில் அவர்கள் பாதாமை அரைத்து ஊற்றியிருக்கிறார்கள். அதே பாதாமைச் சீனியோடு அரைத்து, மிக மெல்லிய மாத் தாளில் சுற்றினால் 'லவ்ஸீனஜ்' என்ற இனிப்பு. அந்த நூல் எழுதி 32 வருடங்களில், 1258இல், மங்கோலியர் பக்தாதை அழித்தார்கள்.

இடையில் ஒன்று. நம் பெருநாள் பிரியாணியிலும் வட்டிலப்பத்திலும் போடும் கஜுவை 'அரபு முறை' என்று சிலர் சொல்கிறார்கள். கஜு பிரேசிலில் பிறந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர்தான் இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். பக்தாத் கலீபாக்கள் கஜுவைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள்.

நமது பெருநாள் சந்திரக் கணக்கில் நகர்வதால் சில வருடங்களில் கம்ஆக் காலத்தோடு பொருந்தும். 1999இலும் 2000இலும் நோன்புப் பெருநாள் ஜனவரியில் வந்தது. அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பெண்கள் எத்தனையோ பேர் குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். அங்கே அதற்குப் பெயர் 'ஃபகா'. மண் போகும்வரை பல தண்ணீர் மாற்றிக் கழுவி, தோல் சீவி, அவித்து, இறைச்சிச் சோற்றோடு சேர்த்து, மேலே வறுத்த பாதாமும் பிளம்ஸும் போட்டு வைப்பது பெருவேலை. அதைச் செய்த ஒரு தாயிடம் கேட்டால், நாம் புத்தகத்தில் 'காளான்' என்று வாசித்த சொல்லின் சரியான பொருளை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

இந்த உணவுக்காக உயிரை விடுகிறவர்களும் உண்டு. சிரியாவில் யுத்தத்தால் வறுமைப்பட்ட குடும்பங்கள் கம்ஆ பறித்து விற்கப் பாலைவனம் போகின்றன. அங்கே புதைத்த கண்ணிவெடிகளும் ஆயுதக் குழுக்களும். 2023 பெப்ரவரியில் சுக்னா என்ற ஊருக்கு அருகே நடந்த ஒரே தாக்குதலில் 50க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கண்ணிவெடி நிலத்தில் விறகுக்குப் போனவர்களின் கதை தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனிக் கண் விடயம். கம்ஆவைக் கண்ணால் கண்ட அறிஞர்களே இதில் ஒரே கருத்தில் இல்லை. 14ஆம் நூற்றாண்டில் டமஸ்கஸில் வாழ்ந்த இப்னுல் கையிம் மூன்று விளக்கங்களைப் பதிவு செய்கிறார்: மற்றக் கண் மருந்துகளோடு கலந்து பாவிப்பது, சுட்டுப் பிழிந்த நீரைத் தனியாகப் பாவிப்பது, 'அதன் நீர்' என்பது அதை முளைக்கச் செய்யும் மழைநீர் என்பது. மூன்றாவது பலவீனமானது என்கிறார். இமாம் நவவி (ரஹ்) அதன் நீரே நிவாரணம் என்ற பக்கம் நின்றார். எல்லாமே கம்ஆவைப் பற்றிய பேச்சு. சாப்பிடுவதற்கே இப்னுல் கையிம் பக்குவம் சொல்கிறார்: ஈரக் களிமண்ணில் புதைத்து எடுத்து, உப்பும் ஸஃதர் இலையும் போட்டு அவித்து, எண்ணெயோடும் காரமான மசாலாவோடும் உண்ணுங்கள். செந்நிறமான ஒரு வகை மூச்சை அடைத்துக் கொன்றுவிடும் என்றும் எச்சரிக்கிறார்.

ஆகவே மொட்டுக் காளானையும் சிப்பிக் காளானையும் தாராளமாகக் கறி வையுங்கள், கண்ணில் விடாதீர்கள். கண்ணில் நோவு என்றால் கண் கிளினிக் இருக்கிறது. மழைக்குத் தோட்டத்தில் முளைப்பதைப் பெயர் தெரியாமல் பிடுங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் வேண்டாம். அந்தச் செய்தி மறுபடி வந்தால் இந்தப் பதிவைப் பதிலாகப் போடுங்கள்.

வெளிநாட்டில் ஃபகா கழுவிச் சமைத்த தாய்மார், சகோதரிகள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுக் கீழே எழுதுங்கள். எத்தனை தண்ணீர் மாற்றினார்கள், எந்த மசாலா போட்டார்கள், ருசி எதைப் போல இருந்தது என்று. அடுத்த தவணையில் மாணவர்களுக்கு அதை வாசித்துக் காட்ட விரும்புகிறேன்.