மாயத்தின் வரவு செலவு

மாயாஜாலப் படங்களைப் பற்றி நம்மவர்களுக்கு இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. குழந்தைகளுக்கு ஏற்றவை என்பது ஒன்று. படிக்காதவர்களுக்கு ஏற்றவை என்பது மற்றொன்று. இப்படிச் சொல்கிற பெரியவர்கள் படம் ஓடும்போது மட்டும் திறந்த வாயை மூடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெளியே வந்த பிறகுதான் அபிப்பிராயம் பிறக்கும். நான் இந்தப் படங்களின் பகிரங்க ரசிகன். ரசிகன் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கைதட்டுகிறவன் அல்ல. இவற்றில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை, ஏன் என்பதைப் பற்றி எனக்கு ஒரு கட்சி உண்டு. நல்ல மாயம் பணத்தட்டுப்பாட்டில்தான் பிறக்கிறது என்பது அந்தக் கட்சி. அதற்கான சாட்சிகளைச் சரித்திரத்திலிருந்து ஒவ்வொன்றாக அழைக்கிறேன்.

முதல் சாட்சி எங்கள் பக்கத்துத் தெருக்கூத்து. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கும் விக்கிரவாண்டியை இன்று காரில் போகிறவர்கள் சுங்கச் சாவடியால் அறிவார்கள். அதைச் சுற்றியுள்ள சீமையோ பாரதக் கூத்துக்குப் பேர் போனது. செஞ்சிக்கு அருகேயுள்ள மேலச்சேரியைத்தான் திரௌபதி அம்மனின் மூலஸ்தானமாகப் பக்தர்கள் கொண்டாடுகிறார்கள். கூத்தில் வேஷக்காரன் வரும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். துணிக்குப் பின்னால் சலங்கை ஒலிக்கும், பாட்டு எழும், கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். துணி விலகும்போது நிற்பவன் நேற்று வரப்பு வெட்டிய ஆள்தான். ஆனால் யாரும் அவனை அடையாளம் கண்டு சிரிப்பதில்லை. அவன் துரியோதனனாகிவிட்டான். நாலு முழத் துணியில் முடிந்துபோன காரியம் இது. மீதியைப் பார்க்கிறவனே தன் மனத்தால் போட்டு நிரப்புகிறான்.

அந்தக் கூத்துக் கதைகளிலிருந்துதான் நம்முடைய மிகச் சிறந்த மாயப் படம் வந்தது. கே.வி. ரெட்டி 1957இல் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த 'மாயா பஜார்' வியாச பாரதத்தில் இல்லாத கதை. ஜனங்கள் தாங்களாகவே பாரதத்தில் ஒட்டவைத்துக்கொண்ட அபிமன்யு கல்யாணம் அது. காமிராவைப் பிடித்தவர் மார்கஸ் பார்ட்லி. ஏற்காட்டில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். அவர் ஸ்டூடியோவில் காய்ச்சிய நிலவைப் பற்றி இன்னமும் சினிமாக்காரர்கள் பேசுகிறார்கள். கடோத்கஜனாக எஸ்.வி. ரங்காராவ் கல்யாண விருந்தை ஒரே ஆளாகத் தீர்க்கும் காட்சியில் லட்டுகள் தட்டிலிருந்து தாமாகவே எழுந்து அவர் வாய்க்குள் போகின்றன. லட்டைப் பறக்கவிட்டது தந்திரம். ஆனால் நாம் லட்டைப் பார்ப்பதில்லை. பசியாறிய ராட்சதனுடைய குழந்தைச் சிரிப்பைப் பார்க்கிறோம். தந்திரம் தன்னை மறைத்துக்கொண்டு மனிதனைக் காட்டும் இடம் அது. படம் தலைமுறைகளைத் தாண்டி நிற்பதற்கு அதுதான் காரணம் என்பேன்.

இதே கே.வி. ரெட்டி 1951இல் எடுத்த 'பாதாள பைரவி' இன்னொரு பாடம் சொல்கிறது. தோட்டக்காரன் மகன் ராஜகுமாரியை விரும்புகிறான். கேட்டதைக் கொடுக்கும் பதுமை ஒன்றுக்காக ஒரு மந்திரவாதி அவனையே பலியிடப் பார்க்கிறான். பதுமை யார் கையில் இருக்கிறதோ அவருக்கு வேலை செய்யும். நல்லவன் கெட்டவன் என்று பார்க்காது. மந்திரவாதியின் சக்தியோ அவன் தாடியில் இருக்கிறது. தாடி போனால் சக்தியும் போயிற்று. இந்த மாதிரிச் சட்டங்கள் இருப்பதால்தான் கதையில் பயம் இருக்கிறது. எதையும் எப்போதும் செய்யலாம் என்றால் மாயத்தில் சுவை ஏது? கடன் வாங்கினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நியாயம் மந்திரத்துக்கும் வேண்டும்.

சிக்கனத்தை ஒரு கலையாகவே ஆக்கியவர் பி. விட்டலாச்சாரியா. உடுப்பிப் பக்கத்தில் பிறந்து, தெலுங்கில் படம் எடுத்து, தமிழ் டப்பிங்கிலும் நம் கொட்டகைகளை நிறைத்தவர். நடிகர் யாராவது சம்பளத்தை உயர்த்திக் கேட்டால், அந்தப் பாத்திரத்தைக் கிளியாகவோ குரங்காகவோ சபித்துவிட்டு மிச்சப் படத்தை முடித்துவிடுவார் என்று ஒரு வேடிக்கைக் கதை உலவுகிறது. நிஜமோ பொய்யோ, மாயத்துக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் உள்ள உறவை அதைவிட நன்றாக யாரும் சொன்னதில்லை.

விஞ்ஞானக் கற்பனைக்கு வருவோம். 1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களுடன் சேர்ந்து 'காடு' என்ற படத்தை எடுத்தது. அதில் பழங்காலத்து மாமூத் யானைகள் வருகின்றன. நம் ஊர் யானைகளுக்கே ரோமத்தைப் போர்த்தி நடக்கவிட்டார்கள். யானைகள் என்ன நினைத்தனவோ தெரியாது!

பிறகு 1963 ஏப்ரலில் 'கலை அரசி' வந்தது. ஏ. காசிலிங்கம் டைரக்‌ஷன், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தார்கள். வேற்றுக் கிரகத்துக்காரர்கள் பூமிக்கு வந்து ஒரு பாட்டுக்காரியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பொன்னுக்காக அல்ல, மண்ணுக்காக அல்ல. அவர்கள் உலகத்தில் சங்கீதம் இல்லை, அதைக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். எவ்வளவு அழகான கற்பனை! யந்திரம் எல்லாம் இருந்தும் பாட்டு இல்லாத ஓர் உலகம். காகரின் விண்ணைச் சுற்றி வந்து இரண்டே வருஷம் ஆகியிருந்த வேளையில், ஒரு தமிழ்ப் படம் விஞ்ஞானத்தைப் பார்த்து, "உன்னிடம் எல்லாம் இருக்கிறது, பாட்டு இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டது. படத்தின் குறையையும் சொல்லிவிடுகிறேன். வேறு கிரகம் போய்ச் சேர்ந்தால் அங்கேயும் நம் ராஜா ராணிக் கதையின் வாடைதான் அடிக்கிறது. கற்பனை விண்ணில் பறந்தது. செட்டு பூமியிலேயே தங்கிவிட்டது. ஆனாலும் இந்தப் படத்துக்கு நான் கட்சி கட்டுவேன்.

அதே 1963 நவம்பர் 21ஆம் தேதி, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் எழும்பியது. ஒரு பழைய தேவாலயம்தான் ஆபீஸ். ராக்கெட்டின் மூக்குப் பகுதியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நாலு முழத் துணியின் தர்மம் அங்கேயும் செல்லுபடியாயிற்று.

அமெரிக்காவில் மட்டும் பணம் கொட்டிக் கிடந்ததா என்றால், அதுவும் இல்லை. 1966 முதல் 1969 வரை மொத்தம் 79 கதைகளாக அங்கே டெலிவிஷனில் வந்த 'ஸ்டார் டிரெக்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். வாரா வாரம் ஒரு கிரகத்தில் கப்பல் இறங்குவதைக் காட்டக் கையில் காசில்லை. ஆகவே மனிதர்களை ஒளியாகக் கரைத்து, கீழே மறுபடி உருவாக்கும் யந்திரம் ஒன்றைக் கற்பித்தார்கள். அந்த மினுமினுப்பு, விளக்கு வெளிச்சத்தில் உதிர்த்த அலுமினியத் தூள்! நம் வேஷக்காரனுக்குத் துணி, அவர்களுக்குத் தூள். அந்தத் தொடரில் நான் மிக விரும்புவது காதுகள் கூர்ந்த ஸ்பாக்கை. உணர்ச்சியை அடக்கி வைத்த அவன் முகத்தில் எப்போதாவது ஒரு புருவம் உயர்வதற்கு ஈடாக எந்த வெடிவிபத்தையும் நான் ஏற்கமாட்டேன். 1969இல் சந்திரனில் மனிதன் கால் வைத்தபோது தமிழ்நாட்டில் டெலிவிஷன் கிடையாது. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது. ஸ்பாக் நம் வீடுகளுக்கு 1980களில்தான் வந்து சேர்ந்தான்.

தமிழில் அந்த இடத்தை நிரப்பியவர் சுஜாதா. பெங்களூரில் எஞ்சினீயர் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதிய அவருடைய 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்பு தூர்தர்ஷனிலும் வந்தது. அதில் வரும் ஜீனோ என்ற யந்திர நாயை, வாசகர்கள் சொந்த வீட்டு நாயைப் போல நினைவில் வைத்திருக்கிறார்கள். 2010இல் வந்த 'எந்திரன்' படத்தில் ரோபோ மனிதர்களிடமிருந்து கற்றுக்கொள்ளும் பகுதிகள் எனக்குப் பிடிக்கும். நூற்றுக்கணக்கான ரோபோக்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் பந்தாகிப் பாம்பாகும் பகுதியில் என் மனம் கொட்டகையை விட்டு வெளியே போய்விடுகிறது. 2015இல் வந்த 'இன்று நேற்று நாளை'யில் இரண்டு இளைஞர்களுக்குக் கால யந்திரம் ஒன்று கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஜனங்கள் தொலைத்த பொருள்களைக் கண்டுபிடித்துக் கொடுத்துச் சம்பாதிக்கிறார்கள். நம்மூர்க்காரன் வேறென்ன செய்வான்? அந்த ஓர் யோசனை ஆயிரம் ரோபோக்களுக்குச் சமம்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு வரிந்துகட்டிக்கொண்டு சொல்கிறேன்? இந்தச் சொத்து கைநழுவிப் போகக்கூடியது. தமிழகத்தில் எடுத்த முதல் மௌனப் படமான 'கீசகவதம்' இன்று இல்லை. 1931இல் வந்த முதல் பேசும் படம் 'காளிதாஸ்' இல்லை. பூனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964இல்தான் ஏற்பட்டது. அதற்கு முன்பே எத்தனையோ பிலிம் சுருள்கள் எரிந்தும், மக்கியும், வெள்ளிக்காக உருக்கப்பட்டும் மறைந்தன. அவற்றோடு மாயம் செய்தவர்களின் பெயர்களும் போயின. லட்டைத் தின்றவர் பெயர் நமக்குத் தெரியும். லட்டைப் பறக்கவிட்டவர் பெயரை எத்தனை பேர் சொல்வார்கள்? பார்ட்லியின் பெயராவது நிலவோடு ஒட்டிக்கொண்டு தப்பியது. துணி பிடித்து நின்ற மற்றவர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. உயிரோடிருக்கும் பழைய தொழிலாளிகளிடம் இப்போதாவது யாரேனும் காகிதமும் பேனாவுமாகப் போய் உட்கார வேண்டும்.

2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி சந்திரயான்-3 சந்திரனின் தென் துருவத்தருகே இறங்கியது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே ஊழியரின் மகன், அங்கே ரயில்வே பள்ளியில் படித்தவர். திட்டத்தின் செலவைப் பார்த்து, ஒரு பெரிய சினிமாவின் செலவில் சந்திரனுக்கே போய்விட்டார்களே என்று உலகம் வியந்தது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அதில் வியப்பு அதிகம் இருந்திருக்காது. நாலு முழத் துணியை வைத்துக்கொண்டு வைகுண்டத்தையும் பாதாளத்தையும் காட்டிப் பழகிய சீமை இது.